ஆடு மன்னிப்புக் கேட்காது

பாண்டீஸ்வரி டீச்சர் பதினெட்டு வருட வேலையில் இருபத்திரண்டு பயிற்சிகளுக்குப் போய் வந்திருந்தாள். இருபத்திரண்டிலும் கை தட்டியிருந்தாள். மழைக் கைதட்டல், பட்டாசுக் கைதட்டல், பூரிக் கைதட்டல் என்று மூன்று வகையும் அவளுக்கு அத்துப்படி. அது போக அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் பத்து நிமிடம் முன்னதாகவே எழுந்து போய்விட வேண்டும். பிந்தினால் தயிர்சாதம்தான் மிஞ்சும்.

இருபத்துமூன்றாவது பயிற்சி ஜூலை மாதம் வந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கில மொழித்திறனும் குழந்தை இலக்கியமும், ஐந்து நாள், தேனியில். நடத்தியது ‘முதல் ஏணி’ என்ற அறக்கட்டளை. குச்சனூரைத் தாண்டி வெள்ளைக்கரடு என்ற சிற்றூரில் இருந்தது அவளுடைய பள்ளி. ஆசிரியர்கள் இரண்டே பேர், அவளும் தலைமையாசிரியர் சின்னச்சாமியும். சின்னச்சாமிக்கு ஓய்வு பெறப் பதினெட்டு மாதம் பாக்கி. பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதுமே அவருக்கு முதுகுவலி வந்துவிடும்.

“நீங்க போயிட்டு வாங்க டீச்சர். இங்கிலீசுன்னா உங்களுக்குத்தான வரும்” என்றார்.

காலையில் சின்னமனூர் வந்து பஸ் மாறினாள். பழனிசெட்டிபட்டியில் விஜி ஏறிக்கொண்டாள். அவள் வேறொரு பள்ளியில் வேலை பார்க்கிறவள், பாண்டீஸ்வரியைவிடப் பத்து வயது இளையவள். இரண்டு பேரும் இதற்கு முன் ஆறு பயிற்சிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கியிருந்தார்கள்.

“இந்தத் தடவ சென்னையிலருந்து பெரிய ஆளு வாராகளாம்க்கா” என்றாள் விஜி.

“பெரிய ஆளுன்னா சின்னப் பிள்ளைகளப் பாத்திருக்க மாட்டாக. வா.”

வந்தவர் பெயர் ஞானதுரை. கதர்ச் சட்டை, தோளில் துணிப்பை, பைக்குள் ஒரு முயல் பொம்மை. ஒருங்கிணைப்பாளர் அவரை வெறும் ஞானதுரை சார் என்று அறிமுகப்படுத்தினார். மைக் கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம் “டாக்டர் ஞானதுரை” என்று திருத்தியது. குழந்தை இலக்கியத்தில் டாக்டர் பட்டமாம். பிறகு முயல் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, “குட் மார்னிங் மை லிட்டில் பிரெண்ட்ஸ்” என்று கீச்சுக் குரலில் கூவினார். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த லிட்டில் பிரெண்டுகள் அறுபது பேர். அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி.

“நாம இப்ப குழந்தைங்களோட உலகத்துக்குள்ள போகப் போறோம். எல்லாரும் தரையில உக்காருங்க. இப்ப நீங்க டீச்சர் கிடையாது, முயல். எங்க, ஹாப்! ஹாப்!”

தாவினார்கள். ஆண்டிபட்டிப் பக்கத்துத் தலைமையாசிரியர் வேலுச்சாமிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு தாவினார். முடியாது என்று சொல்ல அந்த ஹாலில் ஒரு வாய் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிரம்பில்லாமலே நூறு பிள்ளைகளை நடுங்கவைக்கிறவர்கள், இங்கே ஒரு பொம்மை முயல் சொன்னதற்குத் தாவினார்கள். தானும் சேர்ந்து தாவியதுதான் பாண்டீஸ்வரிக்கு ஆறவேயில்லை.

அடுத்து ஞானதுரை ஒரு கதை வாசித்தார். பனி கொட்டும் ஊர் ஒன்றில் ஒரு கரடிக்குட்டி, தொலைந்துபோன கையுறையைத் தேடி வீடு வீடாகப் போகிறது. வாசித்து முடித்துக் கண்ணை மூடித் திறந்து, “ஹவ் டிட் தி பேர் ஃபீல்?” என்று கேட்டார். கரடிக்கு எப்படி இருந்திருக்கும்?

வேலுச்சாமி கையைத் தூக்கினார். “குளுந்திருக்கும் சார்.”

“நோ, நோ. உள்ளுக்குள்ள.”

“உள்ளுக்குள்ளயும் குளுந்திருக்கும் சார்.”

ஹால் சிரித்தது. ஞானதுரை சிரிக்கவில்லை. கரடிக்கு இருந்தது தனிமை என்று பலகையில் எழுதி அடிக்கோடு போட்டார். பாண்டீஸ்வரி அதைக் குறித்துக்கொள்வதுபோல் குனிந்து, நோட்டில் ஒரு கரடி வரைந்து, அதன் தலையில் டாக்டர் என்று எழுதினாள். அவள் மதிப்பில் அந்த மனிதர் அத்தோடு முடிந்தார். இவர் வாழ்நாளில் ஒரு நாலாம் வகுப்பில், மதியச் சோற்றுக்குப் பிந்திய மூன்றாவது பாடவேளையில், பத்து நிமிடம்கூட நின்றிருக்க மாட்டார். நின்றிருந்தால் முதல் நிமிடத்திலேயே முயலைப் பிடுங்கியிருப்பார்கள்.

நான்காம் நாள் ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் ஒரு குழந்தைக் கதை எழுத வேண்டும் என்றார்கள். ஒரு மணி நேரம். எல்லாரும் செல்போனை எடுத்தார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சிங்கமும் காகமும் நரியும் அறுபது தாள்களில் மறுபடி இறங்கத் தொடங்கின. பாண்டீஸ்வரிக்கும் ஒரு நரியை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போகத்தான் எண்ணம். பேனாவைத் திறந்தபோது ஏனோ நதியா சொன்னது நினைவுக்கு வந்தது.

நதியா நாலாம் வகுப்புப் பிள்ளை. அவள் அப்பா கர்ணன் தெருக்குழாய் வேண்டும் என்று கலெக்டருக்கு ஒரு மனு எழுதி ஜன்னலில் வைத்திருக்கிறார். திங்கள்கிழமை மனு நாள். காலையில் பார்த்தால் மனுவை வீட்டு ஆடு தின்றுவிட்டது. மறுவாரமும் எழுதினார், அதையும் தின்றுவிட்டது. “எங்க ஆட்டுக்கு எங்கப்பா எழுத்து ரொம்பப் பிடிக்கும் டீச்சர்” என்று நதியா வகுப்பில் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது. மற்றதைப் பாண்டீஸ்வரி எழுதினாள்.

அவள் எழுதியதில், மூன்றாவது வாரம் அப்பாவும் மகளும் ஆட்டையே பஸ்ஸில் ஏற்றித் தேனிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கண்டக்டர் ஆட்டுக்கு டிக்கெட் கேட்கிறார், டிக்கெட்டையும் ஆடு தின்றுவிடுகிறது. வரிசையில் நின்று கலெக்டர் முன்னால் போகிறார்கள். மனு எங்கே என்று கேட்கிறார் கலெக்டர். “சார், அவர் பெட்டிஷன் இஸ் இன்சைடு தி கோட்” என்கிறாள் மகள். எங்கள் மனு ஆட்டுக்குள்ளே இருக்கிறது. கலெக்டர் தலை நிமிராமலே, சரி, அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். வைக்கிறார்கள். ஆடு மேசையைப் பார்க்கிறது. மேசை நிறையக் காகிதம். ஆட்டுக்குச் சந்தோஷம். அத்தோடு கதை முடிந்தது.

நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொண்டாள். ‘பெட்டிஷன்’ மட்டும் பெரிய சொல். வெள்ளைக்கரட்டில் அது எல்லா வீட்டுக்கும் தெரிந்த சொல்தான் என்று விட்டுவிட்டாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. பயிற்சி மண்டபத்தில் ஒரு மணி நேரம் எப்படிப் போனதென்று தெரியாமல் இருந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வாங்கி வாசித்த விஜி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

ஞானதுரை தாள்களைச் சேகரித்துக்கொண்டே வந்தார். பாண்டீஸ்வரியின் தாளை வாங்கி, பாராமலே, “வெரி நைஸ், வெரி நைஸ்” என்று பைக்குள் முயலுக்குப் பக்கத்தில் செருகினார்.

மறு திங்கட்கிழமை அந்தக் கதையை அவள் வகுப்பில் சொன்னாள். பிள்ளைகள் இன்னொரு தடவை கேட்டார்கள். மறுநாளும் கேட்டார்கள். மூன்றாம் நாள், வீட்டுப்பாடம் எழுதாத ஒருவன் எழுந்து நின்று, “ஹோம்ஒர்க் இஸ் இன்சைடு தி கோட், டீச்சர்” என்றான். ஒரு வருடமாக ‘இன்சைடு’ என்ற சொல்லைப் பலகையில் எழுதி எழுதித் தோற்றிருந்தவள் பாண்டீஸ்வரி. அவனை அடிக்கவா கும்பிடவா என்று தெரியாமல் உட்காரச் சொன்னாள். அதன்பின் அந்த வகுப்பில் எது தொலைந்தாலும் அது ஆட்டுக்குள் இருந்தது. ரப்பர், பென்சில், சத்துணவு முட்டை எல்லாமே.

ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. முதல் ஏணி அறக்கட்டளை வெளியிட்ட ஆங்கிலக் கதைப்புத்தகம், முப்பது பிரதி. எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுத்து, பள்ளி இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது. சின்னச்சாமி கையெழுத்துப் போட்டு வாங்கி, வழவழப்பாக இருக்கிறதே என்று தடவிப் பார்த்து, பீரோவில் வைக்கச் சொன்னார். பாண்டீஸ்வரி ஒன்றை எடுத்துப் புரட்டினாள்.

அட்டையில் ஒரு ஆட்டுக்குட்டி. ஆடு என்று சொல்ல முடியாது. வெள்ளை வெளேரென்று சுருட்டை மயிர், கழுத்தில் நீல ரிப்பன், பின்னால் பச்சைப் புல்மேடும் சிவப்புக் கூரை வீடும். பெயர் லக்கி. லக்கி ஒரு பையனுடைய வீட்டுப்பாடத்தைத் தின்றுவிடுகிறது. பையன் லக்கியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறான். “டீச்சர், மை ஹோம்ஒர்க் இஸ் இன்சைடு தி லேம்” என்கிறான், ஆட்டுக்குட்டிக்குள்ளே இருக்கிறதாம். டீச்சர் லக்கியை அன்பாகத் தடவிக் கொடுக்கிறாள். கடைசிப் பக்கத்தில் லக்கி கண்ணீரோடு பேசுகிறது. ஐயம் சாரி. நான் இனிமேல் காகிதம் தின்ன மாட்டேன். காகிதம் மரத்திலிருந்து வருகிறது. மரங்களைக் காப்போம். அதற்கும் கீழே கட்டம் கட்டி, ‘மாரல்: உன் பொருட்களைப் பத்திரமாக வைத்துக்கொள்.’ அட்டையில் ஆசிரியர் பெயர், டாக்டர் ஞானதுரை.

கதையைத் திருடித் தன் பெயரைப் போட்டுக்கொண்டது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவள் பெயர் எந்த அட்டையிலும் இதுவரை வந்ததில்லை, வராமலே காலம் ஓடியது. ஆனால் திருடத் தெரிந்தவனுக்குத் திருடிய பொருளின் மதிப்பு தெரிய வேண்டாமா? தங்கச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்ப் பித்தளை முலாம் பூசி மாட்டிக்கொண்டவனை என்ன சொல்வது? கலெக்டரைத் தூக்கிவிட்டான். பஸ்ஸைத் தூக்கிவிட்டான். தண்ணீர் கேட்ட மனுவை வீட்டுப்பாடமாக்கிவிட்டான். எல்லாவற்றுக்கும் மேலே, ஆட்டை அழவைத்துவிட்டான்.

பிள்ளைகளிடம் காட்டாமலே இருந்திருப்பாள். பெட்டியைப் பார்த்துவிட்ட அவர்கள் விடவில்லை. வாசித்தாள். முப்பது பக்கம் முடியும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை.

“டீச்சர், இது நம்ம ஆடுதான?” என்றாள் நதியா.

“ம்.”

“அது எதுக்கு சாரி கேக்குது?”

“தெரியலம்மா.”

“எங்க ஆடு சாரியெல்லாம் கேக்காது டீச்சர். எங்கப்பா வெளக்குமாத்தால போட்டாகளே, அப்பக்கூட மென்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு.”

பிப்ரவரியில் தொடர்பயிற்சி வந்தது, இரண்டு நாள். அதே தேனி, அதே ஹால், அதே அறுபது பேர். கொடுக்கப்பட்ட புத்தகத்தை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்பது பொருள். ஞானதுரை திரையில் லக்கியைப் பெரிதாகப் போட்டார். நல்ல குழந்தைக் கதைக்கு இலக்கணமாக அதையே எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். விஜி பாண்டீஸ்வரியின் தொடையைக் கிள்ளினாள். பாண்டீஸ்வரி கையைத் தூக்கினாள்.

“சார், இந்தக் கதை உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

அவர் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு கேள்விக்காகவே சென்னையிலிருந்து வந்தவர்போல மேசை விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்தார். கொடைக்கானல் போயிருந்தாராம். அதிகாலையில் பனிமூட்டத்துக்குள் ஒரு ஆட்டுக்குட்டி அவரைப் பார்த்ததாம். அந்தக் கண்களில் ஒரு கதை இருந்ததாம்.

“அந்த ஆடு எதுக்கு சார் சாரி கேக்குது?”

“அதுதான் கதையோட ஆத்மா டீச்சர். மேலோட்டமா பாத்தா புரியாது. எழுதுறவனோட மனசுக்குள்ள போகணும்.”

“போகத்தான் சார் பாக்குறேன். சாரி கேக்காம விட்டா என்ன?”

“குட் கொஸ்டின். உண்மையில ஒரிஜினலா என்கிட்ட வேற முடிவு இருந்தது. ஆடு அவ்வளவு பேப்பரையும் பாத்து சந்தோஷப்படுற மாதிரி. ஆனா யோசிச்சுப் பாருங்க, குழந்தைங்களுக்கு அது என்ன மெசேஜ் சொல்லும்? ஒரு கலெக்டர் மேசையில இருக்கற ஃபைல ஆடு சாப்பிடலாம்னு…”

“கலெக்டரா?” என்றாள் பாண்டீஸ்வரி. “புத்தகத்துல டீச்சர்தான சார் இருக்காக. கலெக்டர் எங்கன வந்தாரு?”

ஞானதுரை திரும்பித் திரையைப் பார்த்தார். லக்கி ரிப்பனோடு அவரைப் பார்த்தது. போன ஜூலையில் விஜி அந்தத் தாளை வாங்கி வாசித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்திருந்தாள், அது இரண்டு வரிசை சுற்றி வந்திருந்தது. எந்தக் கலெக்டர் என்று குறைந்தது இருபது பேருக்குத் தெரியும்.

இருபது பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் இருமினார். ஒருவர் குனிந்து செருப்பைத் தேடினார். ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்து, “சாருக்கு ஒரு மழைக் கைதட்டல் கொடுத்துட்டு டீ குடிக்கப் போகலாமா?” என்றார். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் என்று மழை பெய்தது. விஜி தட்டவில்லை. வேலுச்சாமி தட்டினார்.

டீ நேரத்தில் கைகழுவும் இடத்துக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். “நல்லாக் கேட்டீக டீச்சர்.” “நறுக்குன்னு இருந்துச்சு.” “இவிங்களுக்கெல்லாம் இப்படித்தான் கொடுக்கணும்.” எல்லாமே தண்ணீர்க் குழாய்ச் சத்தத்துக்குள் அடங்குகிற குரல். திருடியவன் ஒருவன்தான், அவனுக்காவது முகத்தில் வேர்த்தது. இவர்களுக்கு வேர்க்கவும் இல்லை. பாண்டீஸ்வரி கையை உதறிக்கொண்டு போனாள்.

படிக்கட்டில் ஞானதுரை காத்திருந்தார். குரல் தணிந்திருந்தது.

“டீச்சர், இதெல்லாம் ஒரு கூட்டு முயற்சி. அடுத்த பதிப்புல நன்றின்னு போட்டு உங்க பேரையும் சேத்துடலாம். உங்கள மாதிரி ஆளுங்க எங்க டீமுக்கே வேணும். பயிற்சி கொடுக்கற கருத்தாளரா வாங்களேன்.”

“பேரெல்லாம் வேணாம் சார். சாரி கேக்குற பக்கத்த மட்டும் எடுத்துருங்க.”

“இருபதாயிரம் காப்பி அடிச்சாச்சும்மா.”

“அப்ப இருபதாயிரம் புத்தகத்துல ஆடு அழுதுக்கிட்டு இருக்கா?”

அவருக்கு அது விளங்கவில்லை. பெயர் வேண்டாம் என்கிறவளுக்கு வேறு என்னதான் வேண்டும் என்று உண்மையிலேயே குழம்பி நின்றார். அந்தக் குழப்பத்தைப் பார்த்தபோது அவளுக்கு அவர்மேல் இருந்த கோபமும் போய்விட்டது. கோபப்படக்கூட அந்த ஆளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் பயிற்சிக்கு அவள் போகவில்லை. பள்ளிக்குப் போனாள். பீரோவைத் திறந்து முப்பது புத்தகத்தையும் எடுத்து, நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். ஒரு பெட்டி நீலப் பேனாவும் கொடுத்தாள்.

“இதுல தப்பாயிருக்கிறதத் திருத்துங்க.”

“புத்தகத்துலயேவா டீச்சர்?”

“புத்தகத்துலதான தப்பு இருக்கு.”

ஒரு வாரம் ஆங்கிலப் பாடவேளை முழுக்க அதுதான் நடந்தது. லக்கிக்குக் கொம்பு முளைத்தது, தாடி முளைத்தது, ரிப்பன் கயிறானது. புல்மேட்டில் பாறைக் கரடு எழும்பியது. பஸ்ஸுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வரிசைக்கு என்ன, மென்றது என்பதற்கு என்ன, தாசில்தாருக்கு என்ன என்று கேட்டார்கள். ஒருத்தன் கலெக்டர் நாற்காலியையும் தின்னவைத்தான். நதியா நாலு பக்கம் எழுதினாள். அவள் கதையில் குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை.

சங்கிலியம்மாள் என்று ஒரு பிள்ளை. குலதெய்வத்தின் பெயர், வகுப்பில் சங்கிலி. அந்த வருடம் முழுக்க ஆங்கிலத்தில் அவள் ஒரு சொல் பேசி யாரும் கேட்டதில்லை. மூன்றாம் நாள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மாரல்னா என்ன டீச்சர்?”

“கதை முடிஞ்ச பெறகு பெரியவுக சொல்ற புத்திமதி.”

தலையாட்டிவிட்டுப் போனாள். போய், ‘மாரல்’ என்ற சொல்லை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் இருந்த வரியை அடித்து, கோணல்மாணலாக மூன்று சொல் எழுதினாள். கோட் ஏட் இட். அதை ஆடு தின்றுவிட்டது. பாண்டீஸ்வரி அதில் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை.

மார்ச் மாதம் அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் புத்தகப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புக்கு வந்தார்கள். இதுவரை போன பள்ளிகளில் புத்தகம் பெட்டி பிரிக்காமல் இருந்தது, அங்கெல்லாம் ‘நன்று’ என்று குறித்திருந்தார்கள். வெள்ளைக்கரட்டில் முப்பதும் பிரிந்து, அழுக்காகி, மூலை மடங்கி, எழுத்தால் நிறைந்திருந்ததைப் பார்த்துப் பதறிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து குறிப்பாணை வந்தது. பள்ளி உடைமையைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தது.

சின்னச்சாமி அதை இரண்டு தடவை படித்தார். “பத்து மாசத்துல நான் வீட்டுக்குப் போயிருவேன் டீச்சர். அதுவரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா? பிள்ளைக கிறுக்கிருச்சுக, நான் கவனிக்கலன்னு எழுதிக் கொடுத்துருங்க. முடிஞ்சுபோகும்.”

“பிள்ளைக கிறுக்கல சார்.”

அவள் ஒரே வரியில் விளக்கம் எழுதினாள். வழங்கப்பட்ட புத்தகத்தில் இருந்த பிழைகளை மாணவர்கள் திருத்தியுள்ளார்கள்.

வட்டாரக் கல்வி அலுவலர் ராஜபாண்டி அவளை நேரில் வரச் சொன்னார். முப்பது புத்தகமும் ஏற்கெனவே அவர் மேசைக்கு வந்திருந்தன. நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். உட்காரச் சொன்னார். ஒன்றை எடுத்து, அலட்சியமாகப் புரட்டத் தொடங்கினார். பிறகு அலட்சியம் போய்விட்டது. நதியாவின் நாலு பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். அடுத்ததை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். ஆறாவதோ ஏழாவதோ கையில் இருந்தபோது கடைசிப் பக்கத்துக்கு வந்தவர் பட்டென்று சிரித்துவிட்டார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வெளியே இருந்த எழுத்தர் எட்டிப் பார்த்தார்.

“அபாரம் டீச்சர். நெசமாவே பிள்ளைகளே எழுதுச்சுகளா?”

“ஆமா சார்.”

“நானும் முப்பது வருசமா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போறேன். இப்படி ஒண்ணப் பாத்ததில்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, தயாராகத் தட்டச்சு செய்து வைத்திருந்த எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. “என்ன செய்யிறது, மேலருந்து கேக்குறாக. பெருசா ஒண்ணுமில்ல. பணிப்பதிவேட்டுல ஒரு வரி. மனசுல வச்சுக்காதீக.”

“புத்தகத்தத் திருப்பிக் கொடுப்பீகளா சார்?”

“அது எப்படி? அது ஆதாரமில்ல?”

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு வெயிலைவிட அந்தச் சிரிப்புதான் எரிந்தது. ஞானதுரைக்கு எது நல்ல கதை என்று தெரியாது. தெரியாதவன் அழித்தான், அதில் ஆச்சரியமில்லை. வேலுச்சாமிக்கும் மற்றவர்களுக்கும் பயம். இந்த மனிதருக்கோ தெரிந்தது. அவளுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்த வாய் மூடுவதற்குள் கை கையெழுத்துப் போட்டுவிட்டது. அவள் இதுவரை யாரையும் இவ்வளவு கேவலமாக நினைத்ததில்லை. சின்னமனூரில் பஸ் மாறி வெள்ளைக்கரட்டில் இறங்கியபோது மணி இரண்டே முக்கால்.

பிள்ளைகள் வாசலிலேயே நின்றார்கள். எங்கே போயிருக்கிறாள் என்று சின்னச்சாமி சொல்லியிருந்தார்.

“அதிகாரி என்ன சொன்னாக டீச்சர்?”

எச்சரிக்கையையும் பதிவேட்டையும் புத்தகம் திரும்பி வராது என்பதையும் இவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, “படிச்சாக” என்றாள்.

“எல்லாத்தையுமா?”

“ஆறேழு படிச்சாக. சிரிச்சாக.”

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். “யாரு கதைக்கு டீச்சர் சிரிச்சாக? என் கதைக்கா?” “நாற்காலியத் தின்னதுக்குத்தான?” “என்னோடதப் படிச்சாகளா இல்லையா?” புத்தகம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசித்தவர் எந்த இடத்தில் சிரித்தார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அவள் தன் கதையை எழுதிய பிறகு இந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்க ஆள் இருந்ததும் இல்லை.

“நதியாவோடத ரெண்டு தடவ படிச்சாக” என்றாள். “சிரிச்சது சங்கிலி எழுதுனதுக்கு. மேசையத் தட்டித் தட்டிச் சிரிச்சாக. வெளியில இருந்த ஆளு எட்டிப் பாத்தாரு, அவ்வளவு சத்தம்.”

எல்லாத் தலையும் சங்கிலி பக்கம் திரும்பியது. அவள் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, பாவாடை நுனியைக் கையில் சுருட்டினாள். பிறகு கதவை விட்டு வெளியே வந்து, வகுப்பில் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு சத்தமான குரலில், “எந்த வார்த்தைக்கு டீச்சர்?” என்று கேட்டாள்.

பாண்டீஸ்வரி அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பலகையருகே நிறுத்தி, சாக்பீஸைக் கையில் கொடுத்தாள்.